பங்களாச் சாவி

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பாடசாலைப் பிரதான மண்டபத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளர் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "டொக்டர்மார் வந்தா சீனி வருத்தம், பிரஷர்னு பயங்காட்டிட்டுப் போயிடுறாங்க. நீங்க பயணம் பத்திப் பேசுங்க" என்றார். என் வகுப்புத் தோழிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறிவரும் வளைவுகளில், பஸ்ஸின் ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் வாந்தி எடுக்கும் பிள்ளை நான். பாடசாலைச் சுற்றுலாவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கென்று ஒரு தேசிக்காய் எடுத்து வந்த தோழியும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்.

அந்தப் பிள்ளை இப்போது ஸ்கொட்லாந்தில் குடும்ப வைத்தியராக வேலை செய்கிறது. கடந்த ஏழு வருடங்களில் பதினொரு ஊர்களில் தங்கியிருக்கிறது. ஒரு இடத்திலும் ஹோட்டலுக்குக் காசு கொடுத்ததில்லை. காரணம், நான் போகும் ஊர்களில் மற்றவர்களுடைய வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் இரண்டு வாரம் வெளியூர் போகவேண்டும். நாயையோ பூனையையோ கூண்டில் அடைக்கும் விடுதிக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. எனக்கோ அந்த ஊரைப் பார்க்க ஆசை. இருவரையும் சேர்த்துவைக்க இணையத்தளங்கள் இருக்கின்றன. 2010இல் பிரித்தானியாவில் தொடங்கிய ஒன்று இன்று பல நாடுகளில் பேர்பெற்றிருக்கிறது. இரு தரப்பும் அந்தத் தளத்துக்கு வருடச் சந்தா கட்டுகிறோம். எங்கள் இருவருக்கிடையில் காசு கைமாறுவதில்லை. அவர் வீட்டில் நான் இலவசமாகத் தங்குகிறேன். அவருடைய பிராணிக்குச் சாப்பாடு வைத்து, நடக்கக் கூட்டிப்போய், செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டை வந்தது போலவே திருப்பிக் கொடுக்கிறேன்.

முதல் தடவை போவதற்கு முன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா கேட்டார்: "ஒங்க தாத்தா செஞ்ச வேலைய நீயும் செய்யத்தானா ஒன்னைய இவ்வளவு படிக்க வச்சோம்?"

சகோதரிகளே, இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

என் அப்பாவின் அப்பா, கினிகத்தேனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பங்களா வாச்சராக இருந்தார். வெள்ளைக்காரத் தொரைமார் சில வருடங்களுக்கு ஒருமுறை மாதக்கணக்கில் லீவு எடுத்துச் சீமைக்குக் கப்பலேறுவார்கள். அப்போது பங்களாச் சாவி தாத்தாவிடம் வரும். காலையில் ஜன்னல்களைத் திறந்து ஈரம் போகக் காற்று விடுவது, புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்காமல் துடைப்பது, தொரைசாணியின் ரோஜாச் செடிகளைப் பார்ப்பது, இரண்டு நாய்களுக்கும் இறைச்சி வேகவைத்துப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் சப்பாத்தில் காளான் முளைக்கும். அந்தப் பெரிய வீடு மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது தாத்தாவின் கைகளால்தான்.

ஆனால் இரவில் அவர் அங்கே படுத்ததில்லை. தாழ்வாரத்தில் சாக்கு விரித்துக் காவல் இருப்பார், அல்லது லயத்துக்கு இறங்கிவிடுவார். லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் எட்டுப் பேர். இடுப்பில் ஒரு பங்களாவின் சாவி. சொந்தமென்று சொல்ல ஒரு கதவு கிடையாது. அந்தக் காம்பராவும் தோட்டத்துடையது.

ஒரு லீவுக் காலத்தில், இரவில் சிறுத்தை வந்து ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "நாய் ஓடிப்போச்சுன்னு சொல்லிடு" என்று எல்லோரும் சொன்னார்களாம். தாத்தா கேட்கவில்லை. தொரை திரும்பி வந்ததும், "ராத்திரி கூண்டைச் சாத்த மறந்துட்டேங்க தொரை" என்று உள்ளதைச் சொன்னார். மறுநாள் பிரட்டிலேயே அவரைப் பங்களா வேலையிலிருந்து நிறுத்திக் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்கள். சாவி வேறு ஒருவரிடம் போனது. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் இறங்கிவிடும். அம்மாவின் கேள்விக்குப் பின்னால் நின்றது அந்தக் கவ்வாத்து மலை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நம் தோட்டப் பெயர்களில் பல ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவை. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். காசல்றீ நீர்த்தேக்கக் கரையில் டிக்கோயாவில் ஒரு டன்கெல்ட் இருக்கிறது. உண்மையான டன்கெல்ட், ஸ்கொட்லாந்தில் டே ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். பாதி இடிந்த பழைய பேராலயம், ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கற்பாலம், சுற்றிலும் மலை. அங்கே ஒரு வீட்டுக்கு ஆள் தேவை என்று கண்டதும் வேறு எதையும் யோசிக்காமல் விண்ணப்பித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் வீடு. மோலி என்று ஒரு வயதான ஸ்பானியல் நாய்.

கையில் சாவியைத் தந்து, வீட்டைச் சுற்றிக் காட்டி, "இதுதான் உங்கள் அறை" என்று மாடியில் ஆற்றைப் பார்த்த அறையைத் திறந்துவிட்டார்கள். அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தா படுக்காத கட்டிலில் படுத்திருப்பதாக ஓர் எண்ணம்.

ஐந்தாம் நாள் என் மகளின் பிறந்தநாள். பாயாசம் காய்ச்சினேன். நெய்யில் கஜுவும் பிளம்ஸும் வறுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிய தபால்காரரிடம் போனேன். திரும்பி வந்தபோது தட்டு தரையில் கிடந்தது. மோலி வாயை நக்கிக்கொண்டு நின்றது.

பிளம்ஸ், அதாவது உலர்ந்த முந்திரிகை, நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கொஞ்சம் தின்றாலும் சில நாய்கள் செத்துவிடும். அது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் எழுதிவைத்த தாளிலும் இருந்தது. தெரிந்தும் தட்டை எட்டும் உயரத்தில் வைத்தேன். அரை மணித்தியாலத்துக்குள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்து, சேலைன் ஏற்றி, இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரோ போர்த்துக்கலில், பகல் முழுக்க உல்லாசமாக இருந்திருப்பார்கள். நாய் பிழைத்துவிடும் போலத்தான் இருந்தது. சொல்லாமலே விட்டுவிடலாம். "அதுவாகவே எதையோ தின்றுவிட்டது" என்றும் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது.

எண்ணை அழுத்தினேன். "மோலி பிளம்ஸ் தின்றுவிட்டது. தட்டைக் கீழே வைத்தது என் பிழை" என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அந்த அம்மா கேட்டார்: "உடனே கொண்டுபோனீர்களா? நல்லது. நீங்கள் சாப்பிட்டீர்களா? பிள்ளையின் பிறந்தநாள் என்றீர்களே?"

மோலி பிழைத்துக்கொண்டது. மிருக வைத்தியரின் கட்டணத்தை நான் கட்ட முயன்றேன். காப்புறுதி இருக்கிறது என்று அவர்கள் விடவில்லை. அடுத்த வருடமும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

தாத்தா செய்த பிழையும் நான் செய்த பிழையும் ஒரே மாதிரி. இருவரும் உண்மையைச் சொன்னோம். அவருக்குக் கவ்வாத்துக் கத்தி கிடைத்தது, எனக்கு மறுவருட அழைப்பு கிடைத்தது. நான் அவரைவிட நேர்மையானவள் என்பதால் இது நடக்கவில்லை. எனக்கு ஒரு படிப்பு இருந்தது, திரும்பிப்போக ஒரு சொந்த வீடு இருந்தது, "இனி வரமாட்டேன்" என்று சொல்லும் உரிமை இருந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன்: "தாத்தா பார்த்த வேலையில் ஒரு குறையும் இல்லம்மா. அவருக்கு ஒரு வீடு இல்லாமப் போனதுதான் குறை." அம்மா பேசவில்லை. ஆனால் அடுத்த தடவை போனபோது, "அந்த நாய்க்கு இப்ப சுகமா?" என்று அவராகவே கேட்டார்.

இந்த முறையில் பயணம் போக விரும்பும் தங்கைமாருக்கு, வைத்தியராகவும் அனுபவப்பட்டவளாகவும் சில வார்த்தைகள்.

முதலில் விசா. காசு வாங்காவிட்டாலும், தங்குமிடத்துக்குப் பதிலாக நாயைப் பார்ப்பதைச் சில நாட்டு அதிகாரிகள் வேலையாகவே கணக்கெடுப்பார்கள். 2022இல் இப்படி வீடு பார்க்கக் கனடாவுக்குப் போகும் வழியில் ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணை லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். முன்பு அமெரிக்காவில் வீடு பார்த்திருக்கிறார் என்பதுதான் காரணம். நம் கடவுச்சீட்டுக்குக் கேள்விகள் இன்னும் கூடுதலாக வரும். ஆகவே நீங்கள் வாழும் நாட்டுக்குள்ளேயே தொடங்குங்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. போகுமுன் வீடியோவில் பேசுங்கள். வீட்டு விலாசத்தை இரண்டு பேரிடம் கொடுத்துவையுங்கள். முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். மனதுக்குச் சரிப்படாவிட்டால் காரணம் சொல்லாமலே மறுத்துவிடுங்கள்.

மூன்றாவதாக, செயலாளர் அக்கா மன்னிக்கவேண்டும், கொஞ்சம் மருத்துவம். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தட்டைச் சுத்தம் செய்யக்கூடாது. பூனைக்குப் பரசிட்டமோல் நஞ்சு. நாய்க்கு வெங்காயம், சொக்லட், முந்திரிகை கூடாது. நம் நாட்டில் நாய் கடித்தால், கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய் நோய் வந்தபின் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. முன்னரே ஊசி போட்டால் முற்றாகத் தடுத்துவிடலாம்.

கடைசியாக, நான் உண்மையில் இங்கே கேட்க வந்தது.

வெளிநாடு போகுமுன் மலையக வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்தேன். மார்பில் கட்டியோடு ஒரு அம்மா வந்தார். பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவதற்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கட்டி கைமீறி வளர்ந்திருந்தது. "ஏம்மா போகல்ல?" என்றேன். "மாடு கன்னு போட்டிருந்துச்சு டொக்டர். பிள்ளைங்க எல்லாம் கொழும்புல. மாட்டையும் வீட்டையும் யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்றார்.

வெளிநாட்டில் நாலு பேர் உல்லாசப் பயணம் போவதற்காக முன்பின் அறியாத ஒருவர் வந்து நாயைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே ஒரு தாய் உயிர் பிழைக்கப் போவதற்கு, மாட்டைப் பார்க்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

நம் சங்கத்துக்கு நூறு வயது. உலகம் முழுக்க நம் சகோதரிகள் இருக்கிறார்கள். கண்டியிலும் கொழும்பிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம்மில் பலருக்கு உண்டு. பேராதனைக்கும் கொழும்புக்கும் படிக்கப் போய், தங்க இடமின்றித் தவிக்கும் நம் பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகள் தூரத்தில் இருக்க, நாயோடும் மாட்டோடும் தனியே இருக்கும் தாய்மாரும் உண்டு. சங்கத்தில் ஒரு பதிவேடு திறப்போம். வீடு உள்ளவர் ஒரு பக்கம், இடம் தேவைப்படும் பிள்ளை ஒரு பக்கம். வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர் ஒரு பக்கம், அந்த ஒரு வாரம் வந்து தங்கி வீட்டைப் பார்க்கக்கூடியவர் ஒரு பக்கம். ஒருவருக்கொருவர் நன்கு தெரிந்த நமக்கு இணையத்தளம் தேவையில்லை. ஒரு சீ.ஆர் கொப்பியும் பொறுப்பான ஒரு செயலாளரும் போதும்.

ஒரே ஒரு விதியை மட்டும் எழுதிவைப்போம். வீட்டைப் பார்க்க வருபவர் வேலைக்காரி அல்ல, விருந்தாளி. அவருக்கு நல்ல அறையைக் கொடுப்போம். பிழை நடந்தால் பயமில்லாமல் சொல்லக்கூடியவராக அவர் இருக்கட்டும்.

முதற்பெயராக என் பெயரைப் போடுங்கள். கினிகத்தேனையில் அப்பா கட்டிய வீடு வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவியை இன்று கொண்டுவந்திருக்கிறேன். தலைவி அவர்களே, இதைத் தயவுசெய்து பெற்றுக்கொள்ளுங்கள்.