கிராபிக்ஸ் கார்டு மாற்றலாமா? வாங்குவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

(கிண்டி, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசி 15 நிமிடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேர்வு முடிந்தால் நம் குடியிருப்பில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "அப்பா, கேம் திக்குது. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தாங்க." நடுத்தரமான புது கார்டு ஒன்றுக்கே சுமார் 30,000 ரூபாய் ஆகிறது. பல வீடுகளில் அது ஒரு டெர்ம் பள்ளிக் கட்டணம். எனவே ஒரு வீட்டில் உடனே "முடியாது" என்கிறார்கள், இன்னொரு வீட்டில் உடனே "சரி" என்கிறார்கள். இரண்டு வீட்டிலுமே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை. நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான்: முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கார்டு என்ன வேலை செய்கிறது என்று பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமில் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போடுவது பிராசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. சாதாரண 1080பி மானிட்டரில் ஒரு படத்துக்குச் சுமார் 20 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 படம் வரைய வேண்டும். 1440பி மானிட்டர் என்றால் படத்துக்கு 37 லட்சம் புள்ளிகள், 4கே என்றால் 83 லட்சம். ஆக, பெரிய மானிட்டர் வாங்கினால் கார்டின் வேலையும் அந்த அளவுக்குக் கூடும்.

இப்போது சோதனைக்கு வருவோம். செலவு ஒரு பைசா இல்லை. முதலில் கேம் செட்டிங்கில் வி-சிங்க், எஃப்.பி.எஸ். வரம்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்ற இடத்தைத் திறந்து வைத்துவிட்டு, 10 நிமிடம் விளையாடுங்கள். திக்குகிற இடம் வந்ததும் உடனே டாஸ்க் மேனேஜருக்கு மாறிப் பாருங்கள். கடைசி 60 விநாடியின் கோடு அதில் இருக்கும். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தால், ஆம், கார்டுதான் திணறுகிறது. 50, 60 சதவீதத்தில் சும்மா இருந்தும் கேம் திக்கினால் குற்றவாளி வேறு ஆள்: பிராசஸராக இருக்கலாம், ரேமாக இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் இரண்டாவது சோதனை. ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் பிரச்சினை கார்டில். ஏறவே இல்லை என்றால், எவ்வளவு விலையில் கார்டு வாங்கிப் போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது.

போன வருஷம் எங்கள் பிளாக்கில் ஒரு பிளஸ் டூ தம்பி இதே சோதனையைச் செய்தான். கார்டு 55 சதவீதத்தில் நின்றது. கேபினட்டைத் திறந்து பார்த்தால் 8 ஜிபி ரேம் ஒரே ஒரு குச்சிதான் போட்டிருந்தது. அதே அளவில் இன்னொன்று சேர்த்து இரண்டாக்கியதும் திக்கல் போய்விட்டது. கார்டுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் பெரும் பகுதி அப்படியே மிஞ்சியது.

பிங் அதிகமாக இருப்பதையும் பலர் கார்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். வேலரன்ட் விளையாடும்போது எதிரி இங்கிருந்து அங்கே தாவித் தெரிந்தால் அது இன்டர்நெட் சமாச்சாரம். ரூட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் கடைசி அறையில் என்றால் ஒரு லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள்.

அடுத்தது நம் ஊர் சமாச்சாரம்: தூசியும் வெயிலும். ரயில் பாதை, மேம்பாலம், தொழிற்பேட்டை எல்லாம் சூழ்ந்த இடம் நம்முடையது. இரண்டு வருஷம் திறக்காத கேபினட்டுக்குள் ஃபேனில் கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். சூடு ஏறினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் அதே ஜிபியு பக்கத்தில் வெப்பமும் தெரியும். விளையாடும்போது 80 டிகிரியைத் தாண்டி நின்றால், முதலில் ப்ளோயர் வைத்துச் சுத்தம் செய்யுங்கள், பழைய தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள், கேபினட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மே மாதத்தில் மட்டும் திக்குகிற கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் இதுதான் மருந்து.

சரி, கார்டுதான் போதவில்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி: எந்த கேமுக்காக? வேலரன்ட் சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்றே செய்யப்பட்ட கேம். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டே அதற்குத் தாராளம். ஜிடிஏ 5ம் அப்படித்தான். நிழல், புகை போன்ற செட்டிங்குகளைக் குறைத்து, கேமில் எஃப்.எஸ்.ஆர். என்ற வசதி இருந்தால் அதையும் போட்டால் பழைய கார்டே இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

ஆனால் பிள்ளைகள் சொல்வதில் நியாயம் உள்ள இடமும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருந்தால்தான் ஓடும். குறைந்தபட்சம் 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் வேண்டும் என்று அறிவித்தே விற்கிறார்கள். ஜிடிஎக்ஸ் வரிசைக் கார்டில் செட்டிங் குறைத்துச் சமாளிக்க வழியே இல்லை. இன்னொன்று: ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அந்த வரிசைக் கார்டு வைத்திருக்கும் பிள்ளை புது கேம் விளையாட ஆசைப்பட்டால், அந்தக் கோரிக்கையை ஆடம்பரம் என்று தள்ள முடியாது.

"படிப்புக்கு வேண்டும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே இன்ஜினியரிங் கல்லூரி, படிக்கிற பிள்ளைகளும் நிறைய. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் எல்லாவற்றுக்கும் கார்டு உண்மையிலேயே உதவும். ஆனால் மெஷின் லேர்னிங் பழகத் தொடங்கும்போது கூகுள் கொலாபில் இலவசமாகவே ஜிபியு கிடைக்கிறது. ஒரு மாதம் அதில் வேலை செய்யட்டும். அது போதவில்லை என்ற நிலை வந்தால் அப்போது வாங்கலாம். அப்படி வாங்கினால் வேகத்தைவிட கார்டின் மெமரியைப் பாருங்கள். 8 ஜிபியைவிட 16 ஜிபி ரொம்ப நாள் உழைக்கும். தம்பிகளே, கேமுக்கு என்றால் கேமுக்கு என்றே வீட்டில் சொல்லுங்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

வாங்குவது என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது எஸ்.எம்.பி.எஸ். இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 எடுப்பது 75 வாட். மதர்போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர் கிடையாது. ஆர்டிஎக்ஸ் 5060 எடுப்பது 145 வாட். அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் புது கார்டை மாட்டாதீர்கள். அது போகும்போது கார்டையும் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். நல்ல எஸ்.எம்.பி.எஸ். விலையையும் சேர்த்ததுதான் உங்கள் உண்மையான பட்ஜெட். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தாங்குவது பொதுவாக 360 வாட் அளவுதான். கரண்ட் போன நேரம் கேம் ஓடிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையலாம்.

இரண்டாவது, மதர்போர்டும் கேபினட்டும். கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்று டேப் வைத்து அளங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 போன்றவை ஸ்லாட்டின் 16 பாதையில் 8ஐ மட்டும் பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் வேலை செய்யும், ஆனால் சில கேம்களில் முழு வேகம் கிடைக்காது.

மூன்றாவது மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 140 வரைந்து கொடுத்தாலும் அதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது.

கரண்ட் பில்லைப் பற்றி அம்மாக்கள் கேட்டிருக்கிறீர்கள். பழைய 75 வாட் கார்டுக்குப் பதில் 145 வாட் கார்டு, தினம் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்குக் கூடுதலாகச் சுமார் 17 யூனிட். தனியாகப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை. ஆனால் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகள் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை கட்டணப்படி, 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.35 ரூபாய் என்ற சலுகை போய் 4.70 ஆகிவிடும். அதனாலேயே 235 ரூபாய் ஏறும், தாண்டிய யூனிட்டுக்கு 8.40 தனி. ஏசி ஓடும் மாதங்களில் இதைக் கணக்கில் வையுங்கள்.

எங்கே வாங்குவது? நமக்கு ரிச்சி ஸ்ட்ரீட் தூரமில்லை. கிண்டியில் மெட்ரோ ஏறினால் மாறாமல் எல்ஐசி அல்லது அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். நாலு கடையில் விலை கேளுங்கள், ஆன்லைன் விலையோடு ஒப்பிடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலையா என்று கேட்டு, சீரியல் நம்பர் போட்ட பில் வாங்குங்கள். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். வாரன்டி போனால் அதைவிட அதிகம் போய்விடும். பெட்டியில் மெமரி அளவைப் படியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக விற்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் 2022 செப்டம்பர் வரை ஈத்தரியம் நாணயத்துக்காக இரவு பகலாக ஓடிய கார்டுகளும் சந்தையில் கலந்திருக்கின்றன. உங்கள் கண் முன்னால் 20 நிமிடம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி, கோடு வந்தாலோ, ஃபேன் கரகரத்தாலோ விட்டுவிடுங்கள். வாரன்டி மிச்சம் இருந்தால் அது உங்கள் பெயரில் செல்லுமா என்று கேளுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு. வாங்க நினைக்கிற அதே கார்டு பக்கத்து பிளாக்கில் யாரிடமாவது இருக்கலாம். உங்கள் எஸ்.எம்.பி.எஸ். தாங்கும் என்றால், சங்க வாட்ஸப் குழுவில் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரவல் வாங்கி உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். கழற்றி மாட்டத் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறேன். அதேபோல, புது கார்டு வாங்கியவர்கள் பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அது மின்கழிவு. ஓடுகிற நிலையில் இருந்தால் நம் குடியிருப்பிலேயே இன்னொரு பிள்ளைக்கு அது புது கார்டு.

கடைசியாக, பிள்ளைகளுக்கு ஒரு வேலை. கார்டு கேட்பதற்கு முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதி அப்பா அம்மாவிடம் கொடுங்கள்: எந்த கேம், அதற்குக் குறைந்தபட்சம் எந்த கார்டு, விளையாடும்போது ஜிபியு எத்தனை சதவீதம், வெப்பம் எவ்வளவு, எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட். பெற்றோர்களே, அந்தத் தாள் கைக்கு வந்தால் உட்கார்ந்து படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். சுத்தம் செய்வது, ரேம் சேர்ப்பது, ஆறு மாதம் பொறுப்பது, வாங்குவது என்று எந்த முடிவானாலும், காரணம் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

 கேள்வி இருப்பவர்கள் டீ குடித்துக்கொண்டே கேட்கலாம்.