பத்மநாபபுரத்து முற்றங்கள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டுச் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது நம்மில் சிலர் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம் என்றோம். "அது பழைய மர வீடுதானே, பார்ப்பதற்கு ஒரு பூந்தோட்டங்கூட இல்லையே!" என்று அன்பர்கள் பலர் மறுத்தனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பாத்தி கட்டிய ரோஜாச் செடிகளைத் தேடி அங்குச் செல்பவர் ஏமாற்றமே அடைவர். ஆயினும் தோட்டம் என்பது எல்லா நாட்டிலும் ஒரே உருவில்தான் இருக்க வேண்டுமா என்பதை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்து தேசத்தில் காட்ஸ்வோல்ட்ஸ் என்றொரு குன்றுப் பிரதேசம் உண்டு. தேன் நிறக் கல்லால் கட்டிய சிற்றூர்களும், செல்வர்களின் பழைய மாளிகைகளும் நிறைந்த இடம். நாம் அங்குச் சென்றதில்லை, நூல்களில் படித்ததுதான். அங்குள்ள ஹிட்கோட் மாளிகையை ஒரு சீமாட்டி 1907-இல் விலைக்கு வாங்கினார். அவருடைய மகன் லாரன்ஸ் ஜான்ஸ்டன் என்பவர் உயர்ந்த செடிவேலிகளைச் சுவர்போல வளர்த்து, திறந்த வெளியை அறை அறையாகப் பிரித்து ஒரு தோட்டம் சமைத்தார். 1948-இல் அது நேஷனல் டிரஸ்ட் என்னும் பொது அமைப்பின் வசம் வந்தது. தோட்டத்தின் சிறப்பு ஒன்றையே கருதி அவ்வமைப்பு ஏற்றுக்கொண்ட முதல் இடம் அதுவே. அதற்கு முன்னரே, 1927-இல், அந்நாட்டுத் தனவந்தர்கள் 609 தோட்டங்களைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். வசூலான தொகை, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பேணும் செவிலியரின் பணிக்குச் சென்றது. நல்ல ஏற்பாடுதான்!

ஜான்ஸ்டன் வெட்டவெளியில் அறைகளைச் சமைத்தார். பத்மநாபபுரத்துத் தச்சர்களோ வெட்டவெளியையே அறைகளுக்கு நடுவே கொணர்ந்தனர். வேளிமலையின் அடிவாரத்தில் ஏறத்தாழ 6.5 ஏக்கர் பரப்பில் நிற்கும் அவ்வரண்மனை, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்ம மகாராஜா காலத்தில் பெருமளவு புதுப்பிக்கப்பட்டது. ஓர் இருண்ட கூடத்தைக் கடந்தால் ஒரு முற்றம். ஒளியும் மழையும் அவ்வழியே வீட்டினுள் இறங்குகின்றன. மரச்சட்டங்கள் வேய்ந்த சாளரங்களின் வழியே காற்று நுழைகிறது, வெயில் நுழைவதில்லை. இத்தனைக்கும் மின்விசிறி கண்டுபிடிக்கப்படாத காலம் அது!

பூக்கள் இல்லை என்றார்கள் அல்லவா? நுழைவாயிலை அடுத்த பூமுகத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். மேற்கூரையில் 90 பூக்கள் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. தாய்க் கொட்டாரத்தில் பலாமரத்தில் கடைந்த தூண் நிற்கிறது. கண்ணாடிபோல் பளபளக்கும் கருந்தரைக்குச் சுண்ணாம்பும், முட்டையின் வெண்கருவும், சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சேர்த்தார்களாம். இங்கே நம் அண்டை வீட்டார் விளைகளில் நிற்கும் பலாவும் தென்னையுமே அங்குத் தூணாகவும் தரையாகவும் ஆகியிருக்கின்றன. இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணத்தக்க ஊட்டுப்புரையும், ஊறுகாய் நிரப்பிய பெரிய ஜாடிகளும் தாய்மார்களுக்கு வியப்பளிக்கும் என்பது நமது எண்ணம்.

மற்றொரு காரணமும் உண்டு. அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம் குழந்தைகள் பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளர்கின்றனர். "நாம் எந்த ஊர்?" என்று அவர்கள் கேட்கும்போது நம்மில் பலர் மதுரை என்றும், திருநெல்வேலி என்றும் தாம் பிறந்த ஊரைச் சொல்லிவிடுகிறோம். குழந்தைக்கு அவ்விடை போதவில்லை என்பது அதன் முகத்தில் தெரிகிறது. 1956 நவம்பர் முதல் நாள் கல்குளம் தாலுகா சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் கல்குளத்து மண்ணிலுள்ள அவ்வரண்மனையைப் பேணி வருவது கேரள அரசு. நிலம் அங்கே, பொறுப்பு இங்கே. எல்லையின் இருபுறத்தையும் தன் ஊராகக் கொண்ட குழந்தைக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான வீடு ஏது?

நவராத்திரிக்கு முன்னர் அவ்வரண்மனையின் தேவாரக்கட்டிலிருந்து சரஸ்வதி தேவி யானைமீது புறப்படுகிறாள். அவள் கம்பர் வழிபட்ட தேவி என்பது வழிவழிச் செய்தி. வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கின்றனர். களியக்காவிளையில் எல்லை கடக்கும்போது இரு மாநிலத்துக் காவலரும் மரியாதை செய்கின்றனர். ஆண்டுதோறும் நம் திருப்புறத்துக் குடும்பங்கள் நெடுஞ்சாலைக்குச் சென்று கைகூப்பி நிற்கின்றன. அவள் எந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

போவதும் அரிதன்று. திருவனந்தபுரம்–நாகர்கோவில் இருப்புப்பாதை 1979-இல் திறக்கப்பட்டது முதல் நமக்கு இரயில் வசதி இருக்கிறது. பாறசாலையில் ஏறி இரணியலில் இறங்கித் தக்கலை வழியே செல்லலாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. ஆகவே அந்நாள் வேண்டாம். செருப்பை வாயிலிலேயே விட வேண்டும். அரை மணியில் சுற்றிவிட்டுக் கடற்கரைக்கு ஓடுவது என்ற திட்டத்தை மட்டும் செயற்குழு ஏற்கலாகாது. பூமுகத்தில் 90 பூக்களையும் எண்ணி முடிக்கவே குழந்தைகளுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். வர விரும்பும் குடும்பத்தார் தத்தம் பெயரையும் ஆட்களின் எண்ணிக்கையையும் செயலாளரிடம் கொடுத்தால், கட்டுச்சோற்றுக்கு வேண்டியதைக் கணக்கிட வசதியாயிருக்கும்.