இமையளவு இடத்தில் ஒரு அறுவை சிகிச்சை



கீழ் இமையில் மிளகளவு கட்டி. சோதித்துப் பார்த்தால் தோல் புற்றுநோய். வழக்கமான அறுவை சிகிச்சையில், கட்டியைச் சுற்றிச் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்தே எடுப்பார்கள். முதுகில் அது பெரிய இழப்பில்லை. இமையிலோ கதையே வேறு. இமை சரியாக மூடாவிட்டால் கண் உலர்ந்து கருவிழி புண்ணாகும். மூக்கு நுனி, உதடு, காது, விரல், பிறப்புறுப்பு எல்லாமே இப்படித் தாராளமாக வெட்ட முடியாத இடங்கள்தான்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் மோஸ். 1930களில் துத்தநாக குளோரைடு பசையைத் தடவித் திசுவை இறுகவைத்து, அடுக்கடுக்காக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தப் பசை வலி தந்தது, நாள்கணக்கில் இழுத்தது. 1953இல் இமைப் புற்று ஒன்றை அகற்றுவதைப் படம்பிடித்தபோது, நேரத்தை மிச்சப்படுத்தப் பசையில்லாமலே செய்து பார்த்தார். இன்றைய மோஸ் அறுவை சிகிச்சைக்கு அதுவே வழிவகுத்தது.

இந்த முறையில், கட்டி உள்ள இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கட்டியை மெல்லிய அடுக்காக எடுக்கிறார்கள். ஓரங்களில் சாயமிட்டு, எது எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் குறிக்கிறார்கள். பிறகு உறையவைத்துச் சீவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நோயாளி கட்டுப்போட்ட காயத்தோடு காத்திருப்பார். உதாரணமாக, மூக்குப் பக்க ஓரத்தில் புற்றணுக்கள் மிச்சமிருந்தால், அங்கே மட்டும் இன்னொரு அடுக்கு. மற்ற பக்கங்களில் கத்தி படாது.

வழக்கமான சோதனையில் திசுவை ரொட்டித் துண்டுகள்போல் நறுக்கிச் சிலவற்றை மட்டுமே பார்ப்பார்கள். வெட்டிய ஓரத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கண்ணில் படாது. மோஸ் முறையில் அடிப்புறமும் சுற்று ஓரமும் முழுவதுமாகத் தெரியும். அதனால்தான் குறைவாக வெட்டியும் நிறைவாகக் குணமாக்க முடிகிறது. அடித்தள செல் புற்றுநோய் என்ற தோல் புற்று வகை புதிதாக வந்திருந்தால், குணமாகும் விகிதம் 99 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது.

எல்லாத் தோல் புற்றுக்கும் இது தேவைப்படாது. தனிப்பயிற்சி பெற்ற மருத்துவரும், பக்கத்திலேயே ஆய்வுக்கூடமும் வேண்டும். ஆனால் முகத்தில் புற்று என்றதும் முகமே போய்விடுமோ என்று அஞ்சி மறைத்து வைப்பவர்கள் இப்படியொரு வழி இருப்பதை அறிய வேண்டும்.

நேயர்களே, முகத்தில் ஒரு புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லையா? ஆறி ஆறி மீண்டும் ரத்தம் கசிகிறதா? களிம்பு தடவி நாளைத் தள்ளாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே போனால், இழப்பதும் சிறிதாகவே இருக்கும்.