அடிப்பதற்கு முன் காது கொடுங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது, பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது நம்மில் பலர் கடன்பட்டாவது பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். பாடப்புத்தகமாகத்தான் அது வீட்டுக்குள் வந்தது. பள்ளி திறந்த பிறகும் அது பிள்ளையின் கையைவிட்டு இறங்கவில்லை.

கைப்பேசியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆசிரியரின் அறிவிப்பும் வீட்டுப்பாடமும் இன்று புலனத்தில் வருகின்றன. ஆனால் முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் நிறுவனங்களின் சொந்த விதிப்படியே 13 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே இடமில்லை. நம் பள்ளிப் பிள்ளைக்கு அங்கே கணக்கு இருந்தால், பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்துத்தான் திறந்திருக்க வேண்டும்.

விடியுமுன்னே நாம் பெரட்டுக்குப் போய்விடுகிறோம். மாலையில் களைத்துப்போய்ப் படுக்கிறோம். அந்த நேரத்தில் முகம் தெரியாத ஒருவன் நம் பிள்ளையைப் புகழ்ந்து பேசுகிறான், படம் கேட்கிறான். அனுப்பிய பிறகு, "இன்னும் அனுப்பு, இல்லேன்னா உங்க அப்பாவுக்கே காட்டிடுவேன்" என்று மிரட்டுகிறான். பிள்ளை வாயைத் திறப்பதில்லை. ஏன்? "அப்பா அடிப்பாரே!" நம் கையிலுள்ள பிரம்பே அந்தக் கயவனுக்கு ஆயுதமாகிவிடுகிறது!

ஆகவே பெற்றோர்களே, "என்ன நடந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு, அடிக்கமாட்டேன்" என்று இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அதைப் போலீசிடம் காட்டுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் ஆபாசமாகப் பேசுவதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்றவாளி அவன், நம் பிள்ளை அல்ல.

இரவில் கைப்பேசி பிள்ளையின் தலைமாட்டில் இருக்க வேண்டாம், முன்கூடத்தில் இருக்கட்டும். நம்முடையதும் அங்கேயே இருக்கட்டும். நாம் செய்யாததைப் பிள்ளை செய்யாது.

மாணவச் செல்வங்களே, முகம் தெரியாதவர் கேட்டால் படம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களா? அப்போதும் மறைக்காதீர்கள். அம்மாவிடமோ ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள்.

இன்று மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைக்குக் கைதட்டப் போகிறோம். நாளை ஒரு பிள்ளை, "அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று நடுங்கிக்கொண்டு வந்து நின்றால், அதன் தைரியத்தையும் பாராட்டுவோம் என்று கூறி விடைபெறுகிறேன்.