இன்டர்னல் மார்க்கும் கம்ப்யூட்டரும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் சார்பில் நம் துறைக்கு மூடில் நிறுவிக் கொடுத்ததைச் செயலாளர் பெருமையாகச் சொன்னார். அதில் நான் செய்த தப்பை மட்டும் விட்டுவிட்டார். நானே சொல்லிவிடுகிறேன்.

மூத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மூடில் என்பது ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கிய இலவச மென்பொருள். 2002-இல் முதல் பதிப்பு வந்தது. பாடம், அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதில் நடத்தலாம். மார்க் ஏடும் உண்டு, கிரேடுபுக் என்பார்கள். நம்ம காலத்து நீள ரிஜிஸ்டர்தான். கூட்டல் மட்டும் அதுவே போட்டுக்கொள்ளும்.

ஒரு பாடத்தின் இன்டர்னலுக்கு எங்களிடம் சொன்ன வெயிட்டேஜ்: அசைன்மென்ட் 20, தேர்வு 50, லேப் 30. ஆனால் அசைன்மென்ட் திருத்துவது 10-க்கு, தேர்வு 50-க்கு, லேப் 25-க்கு. ஒரு மாணவி வாங்கியது 9, 30, 20. அப்படியே கூட்டினால் 85-க்கு 59, அதாவது 69.4 சதவீதம். வெயிட்டேஜ்படி 18, 30, 24, மொத்தம் 72. நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் மூடில் 'நேச்சுரல்' முறையில் முதல் கணக்கைத்தான் போடும். 'வெயிட்டட் மீன் ஆஃப் கிரேட்ஸ்' என்று மாற்றி 20, 50, 30 கொடுத்தால்தான் 72 வரும். பக்கத்திலேயே 'சிம்பிள் வெயிட்டட் மீன்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது; அதுவும் பழைய 69.4-தான்.

இதுவரை சரியாகவே செய்தேன். சறுக்கியது வேறு இடத்தில்.

அந்தத் தேர்வுக்கு ஒரு தம்பி வரவில்லை. ஆசிரியர் அவருடைய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு டிக் உண்டு, 'எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்'. அது போட்டபடியே இருந்தது, நான் கவனிக்கவில்லை. அவருக்கும் அசைன்மென்ட் 9, லேப் 20. 18-ம் 24-ம் 42. அதை மிச்சமிருந்த 50 வெயிட்டேஜுக்கு வைத்து 84 சதவீதம் என்று காட்டிவிட்டது! தேர்வு எழுதியவருக்கு 72, எழுதாதவருக்கு 84. கேன்டீனில் மார்க்கை ஒப்பிட்டுப் பார்த்த அந்தத் தங்கை நேரே ஆசிரியரிடம் போய், "சார், நானும் லீவு போட்டிருக்கலாமே?" என்று கேட்டாராம்.

எனக்குப் போன் வந்தது. டிக்கை எடுத்தால் போச்சு என்று, எல்லாப் பாடத்திலும் எடுத்துவிட்டேன். மறுநாள் முதலாமாண்டு வகுப்பில் ஒரே அழுகை! அவர்களுக்கு அசைன்மென்ட் ஒன்றுதான் முடிந்திருந்தது. நேற்று 90 இருந்தவருக்கு இன்று 18. நடக்காத தேர்வுக்கெல்லாம் பூஜ்யம் சேர்ந்துவிட்டது.

டிக்கைத் திரும்பப் போட்டோம். திருத்தி முடித்ததும், காரணமின்றி வராதவர்களுக்கு ஆசிரியரே 0 இட வேண்டும் என்று துறைத்தலைவர் முடிவு செய்தார். 'சிங்கிள் வியூ' பக்கத்தில் காலிக் கட்டங்களுக்கு மட்டும் மொத்தமாக இடலாம், சிரமமில்லை. நோய்வாய்ப்பட்டவர்களுக்கு அந்தத் தேர்வை மட்டும் 'எக்ஸ்க்ளூடட்' என்று குறிக்கலாம், மறுதேர்வு எழுதும் வரை.

அந்தத் தம்பிக்கு 0 போட்டு, மொத்தம் 42 ஆன பிறகுதான் தெரிந்தது, அன்று அவருக்கு மஞ்சள் காமாலை. சர்டிபிகேட் கையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, 84 தெரியும்போது அவர் எதற்குச் சொல்லப் போகிறார்! மறுதேர்வில் 33 வாங்கினார். இப்போது 75.

தம்பி தங்கைகளே, உங்கள் 'யூசர் ரிப்போர்ட்'டில் ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே அதன் வெயிட்டேஜும், மொத்தத்துக்கு அது எவ்வளவு கொடுக்கிறது என்பதும் இருக்கும். ஒரு பேப்பரில் நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் ஆசிரியரிடம் போங்கள். அங்கிருந்து எனக்குப் போன் வரும்.