உரிமை ஏட்டில், செலவு யார் தலையில்?

தொழிலாளர் வழக்குகளுக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் நாம். ஒரு வாய்தாவின் விலை என்ன என்று நமக்குத் தெரியும். அதனால் அமெரிக்காவில் நடந்த இந்தக் கதை நமக்கு எளிதில் விளங்கும்.

அங்கே 1966ல் தகவல் சுதந்திரச் சட்டம் வந்தது. சர்க்கார் தஸ்தாவேஜுகளை எவரும் கேட்கலாம். மறுத்தால் வழக்குப் போடலாம். ஆனால் வக்கீலுக்குப் பணம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா! 1974ல் ஜனாதிபதி ஃபோர்டின் வீட்டோவையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. கணிசமாக ஜெயித்தவருக்கு வக்கீல் செலவைச் சர்க்கார் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம் என்றாயிற்று.

2001ல் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தீர்ப்போ உத்தரவோ கையில் இருந்தால்தான் வெற்றி என்றது. கீழ்க் கோர்ட்டுகள் இதைத் தகவல் வழக்குகளுக்கும் பொருத்தின. இலாகாக்களுக்குக் கொண்டாட்டம்! வருஷக்கணக்கில் ஒளித்து வைப்பது. தீர்ப்பு நெருங்கும்போது காகிதத்தைக் கொடுத்துவிட்டு, "நீ ஜெயிக்கவில்லையே" என்று கைவிரிப்பது! 2007ல் வந்த திருத்தம் இந்தத் தந்திரத்தை முறித்தது. வழக்கில் சாரம் இருந்து, இலாகா தானாக இறங்கி வந்தாலும், அது வெற்றியே. பணமும் அந்த இலாகாவின் சொந்த நிதியிலிருந்தே போக வேண்டும்.

இதன் அருமை குடியேற்ற வழக்குகளில் தெரியும். போலீஸ் எடுக்கும் கைரேகையைக் குடியேற்ற இலாகாவுக்கு அனுப்பும் திட்டம் 2008ல் தொடங்கியது. ஊர்கள் இதிலிருந்து விலக முடியுமா? தெளிவான பதில் இல்லை. 2010ல் தினக்கூலித் தொழிலாளர்களின் தேசிய அமைப்பும் துணை அமைப்புகளும் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தன. ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளிவந்தன. இலாகா பொதுமக்களைத் திசை திருப்பியதற்குச் சான்று இருக்கிறது என்று 2011ல் நீதிபதி ஷைண்ட்லின் எழுதினார். தினக்கூலிக்காரர் தம் கூலியிலிருந்து இத்தகைய வழக்கை நடத்த முடியுமா?

இன்றும் செலவு தானாக வந்துவிடாது. பொதுமக்களுக்கு என்ன நன்மை, வாதிக்கு வியாபார லாபம் உண்டா, அவருடைய நாட்டம் எத்தகையது, மறுத்ததற்கு நியாயமான காரணம் இருந்ததா என்று நீதிபதி பார்ப்பார். வக்கீல் உழைத்த நேரத்துக்குக் கணக்கும் காட்ட வேண்டும்.

தோழர்களே! உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. அதை வாங்கும் செலவு யாருடையது என்பதையும் எழுத வைக்க வேண்டும். ஒளித்தவன் கொடுக்கட்டும்!