பட்டிப்பளை ஆற்றுப்படுகையும் அரச நிதியும்



பேராசிரியர்களே, திணைக்கள அதிகாரிகளே, வட்டை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாய அமைப்புத் தலைவர்களே, நன்னீர் மீனவச் சகோதரர்களே, மாணவ மாணவியரே,

 

பட்டிப்பளை ஆற்றை, அதாவது கல்ஓயாவை, மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தை வயலுக்குத் தண்ணீர் தரும் குளமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் கொள்ளளவு சுமார் 770,000 ஏக்கர் அடி. அங்கு சேரும் நீர் ஊவா மலைகளில் ஊறி, மொனராகலைக் காடுகளையும் சேனைகளையும் கடந்து, கல்ஓயாத் தேசியப் பூங்காவின் ஓரத்தில் யானைகள் நீந்தும் ஏரியாக விரிகிறது. இடதுகரை வாய்க்கால் வழியே நமது வட்டைகளுக்கு வருகிறது. வயலில் பாய்ந்து வடிச்சலாகி, கிட்டங்கியிலும் மாவடிப்பள்ளியிலும் சதுப்புகளில் பரந்து, கடைசியில் கடலைச் சேருகிறது. இது முழுவதும் ஒரே நீர்.

அதிகாரமோ துண்டு துண்டாக இருக்கிறது. அணையும் துருசும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. யானையும் காடும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு. மீன்குஞ்சு விடுவது நெக்டா எனும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மாசு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு. குப்பை பிரதேச சபைக்கு. நீரேந்து பிரதேசத்தின் பெரும்பகுதி வேறொரு மாகாணத்தில். ஒவ்வொன்றுக்கும் தனி ஒதுக்கீடு, தனி மதிப்பீடு, தனி டிசம்பர் 31.

கிட்டங்கித் தாம்போதியில் நின்று பாருங்கள். ஆற்றுவாழை மதகுகளின் வாயை அடைத்து மெத்தைபோலக் கிடக்கும். இந்தச் செடியைத் தடுக்க இந்நாட்டில் 1909 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நம் கண்முன்னே பூத்திருக்கிறது. இயந்திரம் வைத்து அள்ளிக் கரையில் போட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு மூடப்படுகிறது. ஆனால் அதற்குத் தீனி போடுவது வயலில் மிஞ்சிய உரமும் ஊர்க் கழிவும். அவை நிற்காதவரை செடியும் நிற்காது. உரமானியத்துக்கு ஒரு அமைச்சு பணம் கொடுக்கிறது, அந்த உரம் வளர்த்த செடியை அள்ள இன்னொரு அமைச்சு பணம் தேடுகிறது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதில்லை. அதற்காக 2021இல் நடந்ததுபோல இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்துவதும் வழியல்ல. அந்தச் சுமையை யார் சுமந்தார்கள் என்பது இந்தச் சபைக்குத் தெரியும்.

வேறு நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவின் பேரேரிகளுக்கு 2010இல் ஒரு மீட்புத் திட்டம் தொடங்கினார்கள். முதலாண்டு ஒதுக்கீடு 475 மில்லியன் டொலர். அந்தத் தொகையைவிட அதைக் கையாண்ட முறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிதி சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் கைக்கு வந்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே செயற்றிட்டத்தின்படி மற்ற அமைப்புகளுக்குப் பிரிந்தது. நமக்கு அருகே ஒடிசாவில் சிலிகா ஏரிக்கு 1990களின் தொடக்கத்தில் தனி அபிவிருத்தி அதிகாரசபை அமைத்தார்கள். 1993இல் ராம்சார் ஈரநில உடன்படிக்கையின் ஆபத்துப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட அந்த ஏரி, 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின், 2002இல் அப்பதிவேட்டிலிருந்து நீங்கியது. முகத்துவாரம் வெட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. மேலே நீரேந்து பகுதியில் மண்ணரிப்பைத் தடுக்கும் வேலையையும் அதே சபை பார்த்தது.

நமது பள்ளத்தாக்குக்கும் ஒரே சபை ஒருகாலத்தில் இருந்தது. 1949இன் கல்ஓயா அபிவிருத்திச் சபையைச் சொல்கிறேன். அணை கட்டியது, வாய்க்கால் வெட்டியது, மக்களைக் குடியேற்றியது. ஆனால் கரையோர ஊர்களின் குரலுக்கு அதில் இடமிருக்கவில்லை. 1956 ஜூன் இனக்கலவரத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் தமிழரின் இரத்தம் சிந்தியதையும் மறக்கக் கூடாது. ஆகவே மேலிருந்து இறங்கும் இன்னொரு சபையை நான் கேட்கவில்லை.

இங்கேயே நடந்த வேறொன்றைச் சொல்கிறேன். 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இடதுகரையில் விவசாயிகளை வாய்க்கால் வாய்க்காலாக அமைப்பாக்கின. தண்ணீர் மிகக் குறைந்திருந்த காலம் அது. தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் தாங்கள் மிச்சம் பிடித்த நீரைக் கடைப்பகுதிக்கு விட்டார்கள். கடைப்பகுதியில் இருந்தவர்கள் தமிழ் பேசும் விவசாயிகள். கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொப் இதை நூலாகவே எழுதினார். உலகம் படித்த பாடத்தை நமது அபிவிருத்தித் திட்டங்கள் படிக்கவில்லை.

எனது முன்மொழிவு எளியது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது என்று விவசாயியும் அதிகாரியும் ஒன்றாக முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்குச் சட்ட வலு உண்டு. அதே கூட்டத்துக்கு மீனவரையும், வனஜீவராசிகள் அதிகாரியையும், பிரதேச சபைகளையும், ஊவாவிலிருந்து நீரேந்து பகுதி அதிகாரிகளையும் அழைக்க வேண்டும். வயலுக்கு எவ்வளவு என்பதோடு குளத்தில் எவ்வளவு மிஞ்ச வேண்டும், எந்த வடிச்சல் எப்போது துப்புரவாக வேண்டும் என்பதும் அங்கே முடிவாக வேண்டும். ஆற்றுப்படுகைக்கென ஒரே நிதிக் கணக்கு, குறைந்தது ஐந்து வருடத்துக்கு. மாகாண எல்லை கடக்கும் நீர்ப்பாசனம் மத்திய அரசின் பொறுப்பு என்பதால், இதைக் கேட்க வேண்டிய இடம் கொழும்பு.

2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய நம் பிள்ளைகளை இழந்தோம். அந்த ஜனாஸாக்களைச் சுமந்தவர்கள் நாம். வெள்ள நீர் எங்கே பரவும், எங்கே வடியும், எந்தப் பாதையை எந்த மட்டத்தில் மூட வேண்டும் என்பது ஒரு திணைக்களம் தனியே சொல்லக்கூடியதல்ல.

இன்றைய அமர்வுகளிடம் நான் கேட்பது ஒன்றே: மாலைக்குள் ஒரு வரைவு. யார் அமர்வது, எந்தச் சட்டப்பிரிவின் கீழ், பணம் யார் பெயரில், கணக்கை யார் பரிசோதிப்பது. அது மூன்று மொழியிலும் தயாரானால், அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் மாவட்டச் செயலாளரிடம் கொடுப்போம். முதலாவது கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.